தோண்டிய மண்ணே தீவானது!
(வியன்னா நகரின் டான்யூப் தீவு – ஒரு சிவில் மாணவனின் பார்வையில்)



ஆண்டு மலர் என்றால் ஆளுக்கொரு கவிதை எழுதுவது வழக்கம். எனக்குக் கவிதை வராது. சிவில் படிக்கிறவனுக்குத் தெரிந்ததெல்லாம் மண், மணல், ஜல்லி, கம்பி, சிமெண்ட்தான். அதனால் மண்ணைப் பற்றியே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். படிக்கப் பொறுமை இருக்கிறவர்கள் கூடவே வாருங்கள். மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் நண்பர்களுக்கும் புரியும்படிதான் எழுதியிருக்கிறேன்.

ஆற்றின் நடுவே இருக்கும் நிலத்துக்குத் தமிழில் 'ஆற்றிடைக்குறை' என்று ஓர் அழகான பெயர் உண்டு. பொதுவாக இதை ஆறே உண்டாக்கும். அடித்து வரும் வண்டல் படிந்து படிந்து பல நூறு வருடத்தில் ஒரு திட்டு எழும்பும். ஆனால் நான் சொல்லப் போகும் தீவை ஆறு உண்டாக்கவில்லை. மனிதன் தோண்டிப் போட்ட மண்ணிலே உண்டானது. 1972இல் வேலை தொடங்கி 1988இல் முடிந்தது. இன்றைக்கு ஒரு நகரமே அங்கேதான் நீந்துகிறது, சைக்கிள் ஓட்டுகிறது, பாட்டுக் கேட்கிறது. அந்தத் தீவின் பெயர் டோனாவின்சல். டான்யூப் தீவு என்று பொருள். ஊர், ஆஸ்திரியா நாட்டின் தலைநகரான வியன்னா.

நான் வியன்னாவைப் பார்த்தவன் இல்லை. சென்னையையே இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன். படித்ததையும் வகுப்பில் கற்ற கணக்கையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

ஆறு கொடுத்த தொல்லை

டான்யூப் சுமார் 2,850 கி.மீ. நீளமுள்ள ஆறு. ஜெர்மனியில் பிறந்து பத்து நாடுகளைத் தொட்டுக்கொண்டு கருங்கடலில் கலக்கிறது. வியன்னாவில் சாதாரண நாளில் விநாடிக்குச் சுமார் 1,900 கன மீட்டர் தண்ணீர் போகும். வெள்ளம் வந்தால் இது ஐந்து, ஆறு மடங்கு ஆகிவிடும்.

அந்தக் காலத்தில் டான்யூப் வியன்னா அருகே ஒரே ஆறாக ஓடவில்லை. பல கிளைகளாகப் பிரிந்து, வளைந்து, வருடத்துக்கு ஒரு வழியை மாற்றிக்கொண்டு ஓடியது. 1501ஆம் ஆண்டு வந்த வெள்ளம்தான் அந்த ஆற்றில் தெரிந்த வெள்ளங்களிலே மிகப் பெரியது. ஆற்றோர ஊர்களில் சுவர்களில் பொறித்து வைத்த வெள்ளக் குறிகளை வைத்து, அன்றைக்கு விநாடிக்குச் சுமார் 14,000 கன மீட்டர் தண்ணீர் வந்திருக்கும் என்று பின்னாளில் மதிப்பிட்டார்கள். நம்மூர் கணக்கில் சொன்னால் கிட்டத்தட்ட 4 லட்சத்து 94 ஆயிரம் கன அடி! இந்த 14,000 என்ற எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.

1830இல் நடந்தது வேறு மாதிரி. குளிர்காலத்தில் ஆறு உறைந்து, மார்ச் மாதத்தை ஒட்டி உருகும்போது பனிக்கட்டிப் பாளங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி ஆற்றை அடைத்துக்கொண்டன. பாலத்துக்கு அடியில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டு தண்ணீர் ரோட்டுக்கு ஏறுமே, அதே கதைதான். 74 பேர் இறந்து போனார்கள். 1862இலும் பெரிய வெள்ளம். இனி பொறுக்க முடியாது என்று ஊரே முடிவுக்கு வந்தது.

முதல் வைத்தியம்

1870 முதல் 1875 வரை டான்யூப்புக்குப் புதிதாக நேரான ஒரு படுகை வெட்டினார்கள். சூயஸ் கால்வாயை வெட்டிய பிரெஞ்சுக் காண்டிராக்டர்கள்தான் இங்கேயும் வந்தார்கள். அங்கே ஓடிய நீராவி இயந்திரங்கள் இங்கேயும் மண் தோண்டின. ஆற்றின் முதன்மைப் படுகை சுமார் 280 மீட்டர் அகலம். அதன் இடது கரையை ஒட்டி சுமார் 450 மீட்டர் அகலத்துக்கு வெறும் புல்வெளி. அதற்கும் அப்பால் ஓர் உயரமான மண் கரை. வெள்ளம் வந்தால் அந்தப் புல்வெளி மேல் பரவிப் போகட்டும், மண் கரைக்கு அந்தப் பக்கம் ஊர் பிழைத்துக்கொள்ளும் என்பது திட்டம்.

வெட்டுப்பட்டுப் போன பழைய ஆறு ஏரி மாதிரி தேங்கி நின்றுவிட்டது. அதற்குப் 'பழைய டான்யூப்' என்று பெயர். இன்றும் மக்கள் குளிக்கிறார்கள்.

வெள்ளம் இல்லாத நாளில் அந்த 450 மீட்டர் புல்வெளி யாருக்கும் சொந்தமில்லாத இடம் போல ஆனது. பிள்ளைகள் பந்து விளையாடினார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் காசு கொடுத்து உல்லாசப் பயணம் போக முடியாதவர்கள் அங்கே வந்து காற்று வாங்கினார்கள். பூங்கா என்று யாரும் பெயர் வைக்கவில்லை. ஆனால் பூங்காவாகத்தான் இருந்தது. இதையும் மறந்துவிடாதீர்கள்.

1899இல் விநாடிக்கு 10,000 கன மீட்டருக்கு மேல் வெள்ளம். 1954இல் மறுபடியும் சுமார் 9,600 கன மீட்டர். அதற்குள் நகரம் ஆற்றின் இடது கரையிலும் வளர்ந்துவிட்டது. ஃப்ளோரிட்ஸ்டார்ஃப், டோனாஸ்டாட் என்ற இரண்டு பெரிய வட்டங்கள் அந்தப் பக்கம்தான் இருக்கின்றன. 1501ஆம் ஆண்டு வெள்ளம் திரும்ப வந்தால் இந்த ஏற்பாடு தாங்காது என்று பொறியாளர்கள் சொல்லிவிட்டார்கள்.

இரண்டாம் வைத்தியமும் மானிங் ஃபார்முலாவும்

இங்கேதான் நம்ம ஹைட்ராலிக்ஸ் பாடம் வருகிறது. தூங்கிவிடாதீர்கள்!

அகலமான புல்வெளி மேல் தண்ணீர் பரவினால் ஆழம் குறைவு. ஆழம் குறைந்தால் தரையின் உராய்வு அதிகமாக உறைக்கும், வேகம் குறையும். மானிங் ஃபார்முலாவை அகலமான வாய்க்காலுக்குப் போட்டுப் பாருங்கள். சரிவும் தரையின் சொரசொரப்பும் ஒன்றாகவே இருந்தால், ஒரு மீட்டர் அகலத்தில் போகும் தண்ணீர், ஆழத்தின் மூன்றில் ஐந்து அடுக்குப்படி ஏறும் – அதாவது ஆழத்தின் அடுக்கு 5/3. ஆழம் இரட்டிப்பானால் தண்ணீர் இரட்டிப்பு அல்ல, மூன்று மடங்குக்கும் மேல்!

கணக்குக்காக ஓர் அளவு எடுத்துக்கொள்வோம் (இது வியன்னாவின் அளவு அல்ல). 450 மீட்டர் அகலம், 3 மீட்டர் ஆழம் ஒரு பக்கம். 200 மீட்டர் அகலம், 6 மீட்டர் ஆழம் இன்னொரு பக்கம். அகலத்தில் இரண்டாவது பாதிக்கும் குறைவு. ஆனால் கணக்குப் போட்டால் அதுதான் 1.4 மடங்கு அதிகத் தண்ணீரைக் கொண்டு போகிறது. கால்குலேட்டர் வைத்திருப்பவர்கள் இப்போதே போட்டுப் பாருங்கள்.

வியன்னா செய்தது இதைத்தான். 450 மீட்டர் புல்வெளியில் ஏறத்தாழ 200 மீட்டரை ஆழமாக வெட்டி, ஆற்றுக்கு இணையாகவே இன்னொரு வாய்க்கால் ஆக்கியது. அதற்குப் 'புதிய டான்யூப்' என்று பெயர். நீளம் சுமார் 21 கி.மீ. 1969 செப்டம்பரில் நகர மன்றம் முடிவெடுத்தது. 1972 மார்ச்சில் வேலை ஆரம்பித்தது.

புதிய டான்யூப் எப்போதும் ஓடுகிற ஆறு அல்ல. தலைப்பில் ஒரு மதகு. கீழே இரண்டு தடுப்பணைகள். சாதாரண நாளில் தலை மதகு மூடியே இருக்கும். உள்ளே தண்ணீர் ஏரி போல அசையாமல் நிற்கும். மேலே வெள்ளம் வருகிறது என்று தகவல் வந்ததும் மதகைத் திறப்பார்கள். அப்போது விநாடிக்கு 5,200 கன மீட்டர் வரை (சுமார் 1 லட்சத்து 84 ஆயிரம் கன அடி) இந்த வழியாகப் போகும். மீதியை முதன்மை ஆறு பார்த்துக்கொள்ளும். இரண்டும் சேர்ந்து தாங்க வேண்டிய அளவு விநாடிக்கு 14,000 கன மீட்டர். ஆம், 1501ஆம் ஆண்டின் அதே எண்தான்! ஐந்நூறு வருடத்துக்கு முன்னால் சுவரில் கோடு போட்டு வைத்தவர் யாரோ, அவர் கோட்டை நம்பித்தான் இந்த நூற்றாண்டு மக்கள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.

அப்பா கேட்ட கேள்வி

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். அப்பா மண் வெட்டும் வேலைக்குப் போகிறவர். அம்மா சித்தாள். பாண்டு சுமந்து சுமந்து அம்மாவின் உச்சந்தலையில் முடி தேய்ந்து போயிருக்கும். இந்தக் கட்டுரைக்குக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தபோது அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தண்ணிக்கு வழி வெட்டுனது சரிடா. வெட்டுன மண்ண எங்க கொட்டுனாங்க?"

நண்பர்களே, நம் எஸ்டிமேட் நோட்டை எடுத்துப் பாருங்கள். நீளம், அகலம், ஆழம், மொத்தம் இத்தனை கன மீட்டர் என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டுவிடுகிறோம். கணக்கு முடிந்தது. ஆனால் மண் அங்கேதானே கிடக்கிறது? அது எங்கே போகும்?

எங்கே போகும் என்று எங்கள் தெருவுக்குத் தெரியும். சில வருடத்துக்கு முன் பக்கத்தில் ஒரு பெரிய கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டினார்கள். ராத்திரியோடு ராத்திரியாக அந்த மண்ணை எங்கள் தெருவை ஒட்டிய ஓடையில் கொட்டிவிட்டுப் போனார்கள். ஐப்பசி மழையில் ஓடைத் தண்ணீர் போக வழியில்லாமல் வீட்டுக்குள் முழங்கால் அளவு வந்துவிட்டது. அரிசியை விட்டுவிட்டு என் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றித் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது என் அம்மா. அது இருந்ததால்தான் இந்த பாலிடெக்னிக்கில் எனக்கு அட்மிஷன் கிடைத்தது. ஆகவே 'வெட்டின மண் எங்கே போகும்?' என்பது எனக்கு இரண்டு மார்க் கேள்வி இல்லை.

சரி, வியன்னாவில் எங்கே கொட்டினார்கள்?

மூன்று கோடி கன மீட்டர்

புதிய டான்யூப்பில் வெட்டிய மண் சுமார் 3 கோடி கன மீட்டர். ஒரு லாரிக்கு 5 கன மீட்டர் என்று வைத்தால் 60 லட்சம் லோடு! 21 கி.மீ. நீளத்துக்குப் பகிர்ந்தால், ஒரு மீட்டர் நீளத்துக்கு 1,400 கன மீட்டருக்கும் மேல். 200 மீட்டர் அகலத்தில் சராசரி 7 மீட்டர் ஆழம் வெட்டியது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதை ஊருக்கு வெளியே கொண்டு போய்க் கொட்டினால் டீசல் செலவிலேயே திட்டம் திவாலாகியிருக்கும். அவர்கள் அதை அங்கேயே போட்டார்கள். பழைய ஆற்றுக்கும் புதிய வாய்க்காலுக்கும் நடுவில் மிச்சமிருந்த புல்வெளி மேல் குவித்தார்கள். வெள்ளத்துக்கு மேலே நிற்கும் அளவுக்கு நிலம் உயர்ந்தது. இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் வாய்க்கால், நடுவில் 21 கி.மீ. நீளமும் அகலமான இடத்திலும் கால் கிலோ மீட்டரைத் தாண்டாத அகலமும் கொண்ட ஒரு தீவு. நம் பாஷையில் சொன்னால் 'லீட்' ஏறக்குறைய பூஜ்யம். வெட்டும் கொட்டும் பக்கத்துப் பக்கத்தில்!

ஆரம்பத்தில் கேலிதான் மிச்சம். இவ்வளவு நீளமாக, இவ்வளவு ஒல்லியாக ஒரு தீவா என்று 'ஸ்பாகெட்டித் தீவு' எனப் பெயர் வைத்துச் சிரித்தார்கள். ஸ்பாகெட்டி என்பது சேமியா மாதிரி நீளமான ஓர் இத்தாலிய உணவு. நகர மன்றத்திலும் எதிர்ப்பு இருந்தது.

விற்கவில்லை!

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஒரு தலைநகரத்தின் நடுவே, இரண்டு பக்கமும் தண்ணீர் தெரிகிற புது நிலம் கிடைத்தால் என்ன நடக்கும்? பிளாட் போட்டு விற்கலாம். ஓட்டல் கட்டலாம். அந்த ஆசை எந்த ஊருக்கும் வரும்.

வியன்னா என்ன செய்தது? வேலை ஒரு பக்கம் நடந்துகொண்டிருக்க, 1973 முதல் தீவை எப்படி அமைப்பது என்று வடிவமைப்புப் போட்டி நடத்தியது. வெறும் வெள்ளத் தடுப்பு மேடாக இருந்திருக்க வேண்டியது, போட்டிக்குப் பிறகு மக்களுக்கான இடமாக மாறியது. கரைகளை ஒரே நேர்க்கோடாக விடாமல் வளைத்தார்கள், சாய்வைக் குறைத்தார்கள். நடுப்பகுதி விளையாட்டுக்கும் கூட்டத்துக்கும். வடக்கு, தெற்கு முனைகள் மரத்துக்கும் பறவைக்கும். பழைய வெள்ளப் புல்வெளியில் இருந்த சில குட்டைகளை மூடாமல் அப்படியே விட்டார்கள். தெற்கே 'டோட்டர் குருண்ட்' என்ற குட்டை அப்படித் தப்பியதுதான். சுமார் 18 லட்சம் மரமும் செடியும் நட்டார்கள். ஆங்காங்கே சிறு கடைகள், படகுத் துறைகள் உண்டு. ஆனால் குடியிருப்புக் கட்டடம் என்று எழும்பவில்லை.

இரண்டு கரையும் சேர்த்துச் சுமார் 42 கி.மீ. நீளத்துக்குக் குளிக்கலாம். டிக்கெட் கிடையாது!

1976 ஆகஸ்ட் 1ஆம் தேதி விடியற்காலையில், டான்யூப்பின் மேல் இருந்த ரைக்ஸ் பாலம் இடிந்து விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் விழுந்ததால் ஒருவர் மட்டுமே இறந்தார். வேலை நாளில் பகலில் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. 1980இல் திறந்த புதுப் பாலத்திலேயே மெட்ரோ ரயிலுக்கும் வழி வைத்தார்கள். 1982 செப்டம்பரில் ரயில் ஓடியது. தீவின் மேலேயே ஒரு ஸ்டேஷன். கார் இல்லாதவனும் ஒரு டிக்கெட்டில் தீவுக்கு வந்து இறங்கலாம்.

1980களின் தொடக்கத்திலிருந்து கோடையில் மூன்று நாள் திருவிழா நடக்கிறது. நகரத்தின் சமூக ஜனநாயகக் கட்சி நடத்துவது. அதற்கும் அனுமதி இலவசம். பல லட்சம் பேர் வருகிறார்கள். அன்று காசில்லாதவர்கள் காற்று வாங்கிய அதே புல்வெளிதான் இன்று மண் ஏறி உயர்ந்து நிற்கிறது. வெள்ளத்துக்காக அவர்கள் இடத்தை எடுத்துக்கொண்டார்கள். எடுத்ததை உயர்த்தி அவர்களுக்கே திருப்பிக் கொடுத்தார்கள். இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் இந்தக் கட்டுரையே.

ஆறு வைத்த பரீட்சை

பேப்பரில் பாஸ் ஆவது வேறு, சைட்டில் பாஸ் ஆவது வேறு. 2002 ஆகஸ்டில் விநாடிக்கு 10,000 கன மீட்டருக்கு மேல் வந்தது, தாங்கியது. 2013 ஜூனில் சுமார் 11,000 கன மீட்டர், 1954ஐ விடப் பெரியது! மதகைத் திறந்தார்கள். தீவின் தாழ்வான கரைகள் முழுகின. கரையோரக் கடைகளுக்குள் சேறு புகுந்தது. பின்னால் இருந்த நகரம் பிழைத்தது. தண்ணீர் வடிந்ததும் கழுவிச் சுத்தம் செய்துவிட்டு மறுபடி குளிக்க வந்துவிட்டார்கள்.

முழு உண்மையையும் சொல்ல வேண்டும். 2024 செப்டம்பரில் பெருமழை பெய்தபோது டான்யூப்பை இந்த ஏற்பாடு கட்டுப்படுத்தியது. ஆனால் நகரத்தின் மேற்குப் பக்கமிருந்து வரும் 'வீன்' என்ற சின்ன ஆறு சில மணி நேரத்தில் பொங்கி மெட்ரோ ரயில் பாதையையே நிறுத்திவிட்டது. பெரிய ஆற்றுக்குப் போட்ட பூட்டு சின்ன ஆற்றுக்குப் பொருந்தாது. ஓடை சின்னதுதானே என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நமக்கு என்ன பாடம்?

நாம் யாரும் நாளைக்கே 21 கி.மீ. தீவு கட்டப் போவதில்லை. சூப்பர்வைசராக, டிராஃப்ட்ஸ்மேனாக, அதிர்ஷ்டம் இருந்தால் அரசு வேலையில் ஓவர்சியராகப் போவோம். ஒரு காம்பவுண்டு சுவர், ஒரு ஸம்ப், ஒரு தெரு வாய்க்கால், இவைதான் முதலில் நம் கைக்கு வரும். ஆனால் அளவு புத்தகத்தில் எழுதப் போகிறவர்கள் நாம்தான். மண் எங்கே கொட்டப்படும் என்று முதலில் தெரியப் போவதும் நமக்குத்தான்.

அதனால் மூன்று விஷயம் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று: தோண்டுகிற அளவை எழுதும்போதே, கொட்டுகிற இடத்தையும் எழுதுங்கள். திரும்ப நிரப்புவது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு, மிச்சம் எந்த சர்வே எண்ணில் போகிறது என்று ஒரு வரி. இந்த வரி இல்லாத எஸ்டிமேட் பாதி எஸ்டிமேட்தான்.

இரண்டு: பழைய வெள்ளக் குறியை விசாரியுங்கள். லெவலிங் மெஷினைத் தூக்கிக்கொண்டு போகும்போது அந்தத் தெருவில் வயதான ஒரு பாட்டியிடம், "தண்ணி எது வரைக்கும் வந்துச்சு பாட்டி?" என்று கேட்டு அதையும் நோட்டில் குறியுங்கள். 1501ஆம் ஆண்டுக் கோடு வியன்னாவுக்கு உதவியது போல அது உதவும்.

மூன்று: வெறும் நிலம் என்று எதையும் எழுதாதீர்கள். அங்கே யாராவது பந்து விளையாடிக்கொண்டிருப்பார்கள். யாராவது மாடு மேய்த்துக்கொண்டிருப்பார்கள். வரைபடத்தில் அவர்களுக்கும் ஓர் இடம் வையுங்கள்.

மேலே உள்ள மானிங் கணக்கில் சந்தேகம் இருப்பவர்கள் மூன்றாம் ஆண்டு சிவில் வகுப்பில் கடைசி பெஞ்சுக்கு வரவும். விடையோடு காத்திருப்பேன்.


– மூன்றாம் ஆண்டு, சிவில் பட்டயப் பிரிவு மாணவன்